மங்கிப்போன இரண்டு பிரதிகள்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். என் மகளின் வாழ்க்கையை நான் தெருவில் கொட்டிய நேரம் அது.

ஷிபானா கொட்டவில்லை. எங்கோ இருட்டறையில் இருக்கும் கணினிக் கள்வன் கொட்டவில்லை. நான்! ஐம்பத்திரண்டு வயது, பட்டதாரி, இருபத்தேழு வருட ஆசிரியை... நான்தான்.

மூன்று வருடங்களாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது. என்னைத் தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இதை நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்கிறீர்களா? போட்டோக்கொப்பிக் கடையின் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே நின்றேன். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகும் மிதவை மூன்றேகாலுக்குப் புறப்படும். அதில் போகக் காத்திருந்த என் தம்பியின் கையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம்தான் இருந்தது. என் அவசரமெல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்காக!

எதன் பிரதி? அதைச் சொல்ல, அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டும்.

குருக்கள்மடத்தில் எங்கள் வீடு. கணவர் கட்டாரில். என் ஒரே மகள் யதுஷா பல்கலைக்கழகத்தில் வாவியின் நீரையும் மீனையும் பற்றிப் படித்தவள். அவளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. கடிதம் மின்னஞ்சலில் வந்தது. பதிலும் அதே மின்னஞ்சலிலிருந்துதான் போக வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள். விமானச் சீட்டுக்கு முன், கடவுச்சீட்டுக்கு முன், அந்த ஒரு மின்னஞ்சல் கணக்குத்தான் அவளுடைய எதிர்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிபானா அவளுடைய பல்கலைக்கழகத் தோழி. காத்தான்குடிப் பிள்ளை, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. நான்கு வருடம் இருவரும் ஒரே விடுதி அறை. எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னை 'அம்மா' என்றே கூப்பிடுவாள். அந்தப் புலமைப்பரிசிலுக்கு இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள், அந்தக் கடித உறைகளில் முகவரி எழுதிக் கொடுத்தது நான்தான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று அவளுக்கு ஒரு மயக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மடிக்கணினிக்கு முன்னால் இருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே இடத்தில் பூட்டிவைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்கட பாஸ்வேர்ட் என்னெண்டு நான் சொல்லட்டா?" என்றாள் யதுஷா. "என்ட பேர். பின்னால நான் பிறந்த வருஷம். பாங்குக்கும் அதுதான், பேஸ்புக்குக்கும் அதுதான்."

"போடி! ஆரு சொன்ன உனக்கு?"

"ஆரும் சொல்லத் தேவல்ல. உங்கட ஸ்கூல்ல பாதி டீச்சர்மார் புள்ளட பேர். மத்தப் பாதி மாமாங்கேஸ்வரர் சாமிட பேர்!"

ஷிபானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. சரியாகச் சொல்லிவிட்டாளே என்ற எரிச்சல்.

"எல்லாப் பூட்டுட திறப்பையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு, அந்தப் பெட்டிய முன்னப்பின்ன தெரியாதவன்ட வீட்டில வைக்கிறதாம். நல்ல படிப்புத்தான் படிச்சிருக்கிறீங்க ரெண்டு பேரும்!"

"அவன்ட வீட்டில இரிந்தாலும் அவனுக்குத் திறக்க ஏலா அம்மா," என்றாள் ஷிபானா. "யதுட மனசுக்குள்ள இரிக்கிற ஒரு சொல் இல்லாட்டி, அது சும்மா இரும்புக் கட்டி."

"அந்தச் சொல்ல இவ மறந்தா?"

"மறந்தா எல்லாம் போச்சு. அதுக்குத்தான் இந்தத் தாள்."

யதுஷா ஒரு தாளில் எல்லாவற்றையும் தெளிவாக எழுதினாள். மின்னஞ்சல் முகவரி, நீளமான ஓர் இரகசிய எண், கீழே அந்தத் தலைமைக் கடவுச்சொல். என்னிடம் நீட்டினாள்.

"இது ஒண்டே ஒண்டுதான் அம்மா. நீங்க வைச்சிருங்க. வேற ஒரு இடத்திலயும் இரிக்கக் கூடா. போன் திருத்தி வந்த உடன, போனுக்கு வாற கோட் கேக்கிற ரெண்டாவது பூட்டும் போட்டுருவன், அதுவரைக்கும் இதுதான்."

ஒன்றே ஒன்று...

உங்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கிறதோ எனக்குத் தெரியாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு மணலில் இருக்கும் எங்களுக்கு அது சாபம் மாதிரிக் கேட்கும். கடல் வீட்டுக்குள் வந்த அந்தக் காலையில் என் பிறப்புச் சான்றிதழ், பட்டம், நியமனக் கடிதம் எல்லாம் ஒரே அலுமாரியில் இருந்தன. ஒன்றே ஒன்றாக இருந்தன. நான் ஆசிரியைதான் என்று நிரூபிக்க ஒன்றரை வருடம் அரச கச்சேரி அலுவலக வாசலில் நின்றேன்! நான் பிறந்தேன் என்பதற்கே சாட்சி கேட்டார்கள்.

அன்றிலிருந்து கடலோரமான இந்த எழுவான்கரையில் வீட்டுக்கு வீடு ஒரு பை தொங்குகிறது. கதவுக்குப் பக்கத்தில், ஓடும்போது கை எட்டும் உயரத்தில். அதற்குள் எல்லாப் பத்திரங்களும். எல்லாவற்றுக்கும் பிரதி. ஒரு பிரதி படுவான்கரையில், கடல் எட்டாத உறவினர் வீட்டில். ஒரு பிரதி வேலை செய்யும் இடத்தில். முக்கியமானதை லமினேட் செய்துவிடுவோம். தடிமன் காய்ச்சல் மருந்துச் சிட்டையைக்கூட இரண்டு பிரதி எடுக்கிற ஆட்கள் நாங்கள்.

எல்லாத் திறப்பையும் ஒரு பெட்டியில் போடுவதா என்று கேலி செய்தேனே... என் வாழ்க்கை முழுவதும் ஒரு பையில் தொங்கிக்கொண்டிருந்தது! அந்தக் கேலியின் நாற்றம் அப்போது என் மூக்குக்கு எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை பாடசாலை முடிந்து பஸ்ஸால் இறங்கியதும் நேரே சந்திக் கடைக்குப் போனேன். அதற்கு முன், அந்தத் தாளின் அடியில், என் அச்சுக் கையெழுத்தில் எழுதினேன்: 'மிக முக்கியம். பத்திரமாக வைக்கவும்.' இரண்டு கோடும் இழுத்தேன்.

சிரியுங்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு யாராவது செய்திருந்தால். கள்வனுக்கு வசதியாகத் தலைப்பிட்டுக் கொடுத்த ஒரே ஆசிரியை நானாகத்தான் இருப்பேன்.

முதல் பிரதி ஒரு பக்கம் மங்கி வந்தது, ஆனாலும் எழுத்தை வாசிக்க முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. கடைக்காரர் மை உருளையைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி எடுத்தார். இரண்டு நல்ல பிரதிகள் வந்தன. மங்கிப்போன இரண்டையும் அவர் பக்கத்திலிருந்த கழிவுத்தாள் பெட்டிக்குள் போட்டார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்... பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு பிரதியைத் தம்பியிடம் உறையிலிட்டுக் கொடுத்தேன். மற்றதைப் பாடசாலை மேசைக்கென்று எடுத்துக்கொண்டேன். அசல் லமினேட் ஆகிப் பைக்குள் போனது. கடமை முடிந்த நிம்மதியில் அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

அடுத்த வாரம் புதன்கிழமைக் காலை யதுஷா மடிக்கணினியைத் திறந்தாள். மின்னஞ்சல் திறக்கவில்லை. அந்தப் பாஸ்வேர்ட் பெட்டகமும் திறக்கவில்லை. எல்லாச் சொற்களையும் யாரோ மாற்றியிருந்தார்கள். மதியத்துக்குள் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அவளுடைய பேரில் அவளுக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஏமாற்று இணைப்புகள் போயிருந்தன. பேராசிரியர்களுக்கு, நண்பர்களுக்கு... அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும்! அவர்கள் அவளுடைய முகவரியையே தடைசெய்துவிட்டார்கள்.

வாய்விட்டு அலறியிருந்தால் பரவாயில்லை. அவள் அலறவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"அம்மா, அந்தத் தாள் பைக்குள்ளதானே இரிக்கு?"

"ஓம். வைச்ச இடத்திலேயே இரிக்கு."

எடுத்தும் காட்டினேன். பளபளவென்று, லமினேட் உறைக்குள்.

"என்னத்துக்கு லமினேட் பண்ணினீங்க? ஆருக்கும் காட்டினீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

பாருங்கள், இதில் ஒரு பொய்யும் இல்லை. தாள் வைத்த இடத்தில்தான் இருந்தது. நான் யாருக்கும் 'காட்ட'வும் இல்லை. உண்மையை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய பொய்யைக் கட்ட ஓர் ஆசிரியையால்தான் முடியும்.

அன்று மாலையே பாடசாலை மேசையிலிருந்த பிரதியை எடுத்துவந்து அடுப்பில் போட்டேன். தம்பியிடம் உறையைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். ஏனென்று அவன் கேட்கவில்லை. ஒட்டிய உறை ஒட்டியபடியே வந்தது. அதுவும் அடுப்புக்குள். இரண்டு பிரதியும் வைத்தபடியே இருந்தன, ஆகவே என்னால் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணத் தெரிந்தவள்தானே நான்? எடுத்தது இரண்டல்ல, நான்கு.

வியாழக்கிழமை மாலை சந்திக் கடைக்குப் போனேன். அந்தப் பெட்டி காலியாக இருந்தது.

"அண்டைக்கு மங்கி வந்த தாள்கள் எங்க தம்பி?"

கடைக்காரர் சிரித்தார். "பழுதாப்போன தாளெல்லாம் பக்கத்து வடைக்கடைக்குத்தான் டீச்சர். அங்க போய்க் கேட்டா ஆருட வயித்துக்குள்ளயோ இரிக்கும்!"

பக்கத்துத் தட்டில் வடை அடுக்கியிருந்தது. அருகே வடை சுற்றித் தரும் பழைய தாள்கள். பரீட்சை வினாத்தாள், யாருடையதோ அடையாள அட்டைப் பிரதி, ஒரு மரண அறிவித்தல்... பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் மகளின் எதிர்காலத்தில் வாய் துடைத்தவன் யார்? எந்த ஊரான்? இன்றுவரை தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். சொல்லிவிடுவது என்றுதான் நடந்தேன். நம்புங்கள்... நம்பாவிட்டாலும் போகட்டும்.

வாசல் படலையடியில் ஷிபானா நின்றாள். தோள்பையை மார்போடு அணைத்திருந்தாள். எதிரே யதுஷா. அவளுக்குப் பின்னால், விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த என் தம்பி.

"நீதான் பக்கத்தில இருந்த. நான் அந்தச் சொல்ல அடிக்கக்குள்ள நீதான் பார்த்த. வேற ஆருக்குத் தெரியும்? சொல்லு!"

"யது, நான் ஒண்டு சொல்லத்தான் வந்தன். முதல்ல கேளு..."

"உனக்கு அந்த இடம் கிடைக்கல்ல. எனக்குக் கிடைச்சிட்டு. அதானே?"

"மறுகா என்னத்துக்கு வந்த? மிச்சம் என்ன இரிக்கெண்டு பார்க்கவா?" என்றான் தம்பி. பிறகு என்னைக் கண்டுவிட்டு, "காத்தான்குடி ஆக்கள வீட்டுக்குள்ள எடுக்காதீங்க எண்டு எத்தின தரம் சொல்லியிருக்கன் அக்கா?"

ஷிபானாவின் கை பைக்குள் போனது. போனபடியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா..."

ஒரு சொல். அவ்வளவுதான். படலையிலிருந்து பத்து அடி தூரத்தில் நின்றேன் நான். என் வாயில் முழு உண்மையும் இருந்தது. வடைக்கடையின் எண்ணெய் மணம்கூட என் சேலையில் இருந்தது!

படலைக் கொளுக்கியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இப்ப போ மகள். மறுகா பேசுவம்."

அவள் கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். வெறுங்கை. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியை எத்தனை விதமாகப் புரட்டியிருக்கிறேன் தெரியுமா! மகள் வெறுத்துவிடுவாளென்ற பயம் என்று சில நாள் சொல்லிக்கொள்வேன். பயம்தான், ஆனால் அது மட்டுமல்ல. தம்பி அந்த ஊரின் பெயரைச் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. பழி போய்ச் சேர ஒரு வாய்க்கால் ஏற்கெனவே வெட்டித் தயாராக இருந்தது. நான் வெட்ட வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் தானாகப் பாய்ந்தது. அவள் எங்கள் ஊர்ப் பிள்ளையாக, எங்கள் கோவிலுக்கு வருகிற பிள்ளையாக இருந்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை போனது. வேறு முகவரியிலிருந்து யதுஷா எழுதிய கடிதங்களுக்கு, நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபியுங்கள் என்று பதில் வந்தது. கச்சேரி வாசலில் என்னைக் கேட்ட அதே கேள்வி! நிரூபித்து முடிப்பதற்குள் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டது. வாவியின் மீனைப் பற்றி இரவு பகலாகப் பேசிய பெண் இப்போது கொழும்பில் ஓர் அலுவலகத்தில் பெயர்களையும் இலக்கங்களையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். விடுமுறைக்கு வந்தாலும் வாவிப் பக்கம் போவதில்லை.

நான் என்ன செய்தேன்? உபதேசம் செய்தேன்!

ஆசிரியர் அறையில், பெற்றோர் கூட்டத்தில், மரணவீட்டுப் பந்தலில்கூட. "பாஸ்வேர்ட் மேனேஜரா? என் மகளுக்கு நடந்ததைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தாள், எல்லாம் ஒரே நாளில் போனது!" அனுபவப்பட்டவள் அல்லவா? தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து இன்னொரு கணக்குக்கும் பூட்டுப் போட்டார்கள். இப்படித் தலையாட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதைவிட, ஆட்டுவித்தவளை நினைத்தால்.

உண்மையைக் கேட்கிறீர்களா? இந்த மூன்று வருடத்தில் அந்தப் பெட்டகத்தைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அதில் ஏதாவது ஓட்டை அகப்படாதா என்றுதான் வாசித்தேன்! ஆபத்து இல்லாமலில்லை. அதை நடத்துகிற கம்பனிக்குள்ளேயே கள்வன் புகலாம். தலைமைச் சொல்லை மறந்தால் கம்பனிக்காரனாலும் காப்பாற்ற முடியாது. அந்த ஒரு சொல் வெளியே போனால் எல்லாம் போகும். என் மகளுக்குப் போனது போல.

ஆனால் மறுபக்கம்? ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மற்றக் கணக்குகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பூட்டு. ஒரு கடை உடைந்தால் அந்தக் கடையோடு போகும். போலித் தளத்தைக் கண்டால் அது சொல்லை நிரப்பாது. நாம் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருப்போம். இரண்டாவது பூட்டும் போட்டிருந்தால் வடைத் தாளை வைத்துக்கொண்டு எவனும் ஒன்றும் செய்திருக்க முடியாது. பெட்டகத்தில் பழுதில்லை. யதுஷா போட்ட பூட்டிலும் பழுதில்லை. திறப்பை நாலு பிரதி எடுத்துச் சந்தியில் விட்டவளிடம்தான் பழுது.

இப்போது நானும் அதைத்தான் பாவிக்கிறேன், ஒளித்து. கூட்டத்தில் திட்டுவது, வீட்டில் பாவிப்பது. தலைமைச் சொல்லை எங்கும் எழுதவில்லை. இரகசியத்தை மனதுக்குள் பூட்டிவைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருக்கிறது அல்லவா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பகல் பதினொரு மணியளவில், படலைக் கொளுக்கி சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

ஷிபானா.

கொஞ்சம் மெலிந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. யதுஷா கொழும்பில் என்றேன்.

"தெரியும் டீச்சர். அவ இல்லாத நாள் பார்த்துத்தான் வந்தன்."

டீச்சர்! நான்கு வருடம் அம்மா என்று கூப்பிட்ட பிள்ளை.

தோள்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மடிப்புகளில் எண்ணெய் ஊறி, காய்ந்து, தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ஒரு பக்கம் மங்கல். கீழ்ப்பகுதி மட்டும் தெளிவாக இருந்தது. அச்சு மாதிரிக் கையெழுத்து. கீழே இரண்டு கோடு.

"அண்டைக்கு பஸ்ஸால இறங்கி ஒரு வடை வாங்கினன். இதிலதான் சுத்தித் தந்தான். இதக் குடுக்கத்தான் ஓடி வந்தன். படலையில வெச்சி எடுத்துக் காட்டியிருந்தா, பாரு இவளிட்டத்தான் இரிக்கு எண்டிருப்பீங்க. காட்டாட்டியும் நான்தான் கள்ளி."

நான் அந்த இரண்டு கோட்டையும் பார்த்தேன்.

"உங்கட கையெழுத்து எனக்குத் தெரியாதா டீச்சர்? மறுகா பேசுவம் எண்டீங்க. மூணு வருஷம் காத்துப் பார்த்தன்."

அழுதாளா? இல்லை. கோபப்பட்டாளா? அதுவும் இல்லை. அழுதிருந்தால், ஏசியிருந்தால், நான் காலில் விழுந்திருப்பேன். விழுந்து எழுந்து கொஞ்சம் இலகுவாகவும் ஆகியிருப்பேன். அந்த வழியையும் அவள் எனக்குத் தரவில்லை.

"யதுட்டச் சொல்லுங்க எண்டும் நான் சொல்லமாட்டன். சொல்லாதீங்க எண்டும் சொல்லமாட்டன்," என்றாள்.

யதுஷாவுக்கு இன்னும் தெரியாது. அந்தத் தாள் இப்போது கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் பைக்குள் இருக்கிறது. ஒன்றே ஒன்று. பிரதி எடுக்கவில்லை. அடுப்பிலும் போடவில்லை... ஏனென்று கேட்காதீர்கள். அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் கையாலேயே மடக்கிவிட்டுத்தான் அவள் திரும்பினாள். படலையை மூடும்போது சொன்னாள்:

"மூணு வருஷம் நான் வெச்சிருந்தன் டீச்சர். இனி நீங்க வெச்சிருங்க. பத்திரமா."